என் குரல் பாடத் தகுந்ததா, நானே எப்படித் தெரிந்துகொள்வது?

மாலைராகம்:

வணக்கம். பல வருடங்களாகக் கிட்டார் வாசிக்கிறேன். சொந்தமாக மெட்டுப் போடுவேன், வரிகளும் எழுதுவேன். பாடுவதற்கு மட்டும் யாராவது கிடைப்பார்களா என்று காத்திருப்பதே வழக்கமாகிவிட்டது. இனி நானே பாடிப் பதிவு செய்வது என்று இறங்கியிருக்கிறேன்.

பாடும்போது என் குரல் எனக்குப் பிடிக்கிறது. பதிவைக் கேட்டால் வேறு யாரோ மூக்கால் பாடுவது போல இருக்கிறது. இந்த இரண்டில் எது உண்மை? நண்பர்களிடம் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. சுருதி காட்டும் செயலியைப் போட்டால் முள் ஒரு நொடி நிற்காமல் ஆடுகிறது. கிட்டாரில் ஒரு கம்பி துளி இறங்கினாலும் எனக்குக் கேட்டுவிடும். அதே காதோடு என் குரலைக் கேட்கும்போது மனம் கனத்துப் போகிறது.

மேடை ஆசை கிடையாது. என் பாட்டை என் குரலில் ஒருவர் முழுதாக உட்கார்ந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். என் குரலை நானே எப்படி நேர்மையாக எடைபோடுவது? எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது?

ஒலிப்பெட்டி:

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன். மற்றவர்கள் கேட்பது பதிவில் இருக்கும் குரலைத்தான். நாம் பாடும்போது நம் குரல் நமக்கு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று வாயிலிருந்து காற்று வழியாகக் காதுக்கு. இன்னொன்று மண்டை எலும்பு வழியாக நேரே உட்காதுக்கு. எலும்பு வழியில் வருவதில் கீழ் அதிர்வெண்கள் தூக்கலாக இருக்கும், அதனால் உள்ளே குரல் கனமாகவும் உருண்டையாகவும் தெரியும். பதிவில் அந்த எலும்புப் பங்கு இல்லை. மெலிந்து, கொஞ்சம் உயர்ந்து ஒலிப்பது அதனால்தான். இது எல்லோருக்கும் பொது. பதிவைக் கேட்கக் கேட்கப் பழகிவிடும், அதற்குக் குறுக்குவழி இல்லை.

ஆனால் பதிவு நேர்மையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். போனில் பதிவு செய்தால் ஒரு முழத் தூரத்தில், வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். திரைச்சீலை, மெத்தை உள்ள அறையாக இருந்தால் எதிரொலி குறையும். எதிரொலி நிறைந்த அறை குரலுக்கு அழகு சேர்க்கும், குறையை மறைத்தும் விடும். எடைபோடுவதற்கு அது ஆகாது.

இன்னொன்று. பல போன்களும் இணையச் சந்திப்புச் செயலிகளும் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. சத்தமாகப் பாடினால் தாமே குறைக்கும், மெதுவாகப் பாடினால் தாமே ஏற்றும். இரைச்சலை வடிகட்டுகிறேன் என்று, நீட்டிப் பிடித்த சுரத்தையே இரைச்சலாக நினைத்து நடுவில் விழுங்கிவிடும். 'குரல் நடுங்குகிறது, திடீரென்று அமுங்குகிறது' என்று பலர் வருந்துவது இந்த வேலைதான். அமைப்பில் போய் இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு இரண்டையும் அணைத்துவிட்டு மறுபடி பாடுங்கள். தனி மைக் இருந்தால், ஒரு சாண் தூரத்துக்குள் வரும்போது கீழ்ப்பக்கம் உப்பிக் கேட்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே தூரம், ஒரே அறை. இல்லாவிட்டால் போன மாதப் பதிவோடு இந்த மாதப் பதிவை ஒப்பிட முடியாது.

நாலரைக்கட்டை:

மாலைராகம், உங்கள் பதிவில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கிட்டார் காதுதான். வாத்தியம் வாசிப்பவர்கள் பாட வரும்போது இது அடிக்கடி நடக்கும். காது பத்தாம் வகுப்பில் இருக்கிறது, தொண்டை இப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறது. அதே கிட்டாரை எடுத்த முதல் வருடத்தில் உங்கள் காதும் விரலோடு சேர்ந்து வளர்ந்தது, அதனால் இவ்வளவு வலிக்கவில்லை. இப்போது குறைகள் அத்தனையும் முதல் நாளே கேட்கின்றன. அது குரல் மோசம் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

'நல்ல குரலா' என்று மொத்தமாகக் கேட்டால் யாராலும் உருப்படியான பதில் சொல்ல முடியாது. நான் மாணவர்களோடு செய்வது இது. ஒரே பதிவைப் பல தடவை கேட்போம், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்துக்காக. பாடிய உடனே கேட்க வேண்டாம். பாடிய நினைப்பு அப்போது காதை மூடும். மறுநாள் கேளுங்கள்.

முதல் தடவை, ஒவ்வொரு வரியும் தொடங்கும் சுரத்தை மட்டும். நேராகப் போய் உட்காருகிறதா, கீழிருந்து சறுக்கி ஏறுகிறதா? சறுக்கி ஏறுவது ஓர் அழகுதான், எல்லா வரியிலும் அதுவே வந்தால் சுரம் எங்கே என்று தெரியாமல் தேடுகிறோம் என்று பொருள். பாடுவதற்கு முன் அந்தச் சுரத்தை மனத்துக்குள் ஒலிக்கவிட்டு, மூச்சு எடுக்கும்போதே அதை நினைத்தபடி எடுத்தால் பாதி சரியாகிவிடும்.

அடுத்த தடவை, வரி முடியும் இடங்கள். பெரும்பாலோருக்குச் சுருதி இறங்குவது இங்கேதான். மூச்சு தீரத் தீர அடியிலிருந்து வரும் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் சுருதியும் சற்று இறங்கும், கூடினால் ஏறும். குரல்நாண்களின் இயல்பு அது. அதை ஈடுகட்டத் தொண்டைத் தசைகள் கற்றுக்கொள்ள வேண்டும். அதனால்தான் உரக்கப் பாடும் இடத்தில் சுருதி தாண்டுகிறது, மெதுவாக முடிக்கும் இடத்தில் தொங்குகிறது. நீட்டும் சுரத்தை மெதுவாகத் தொடங்கி, வளர்த்து, மறுபடி மெதுவாக்கி, சுருதி மட்டும் அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஆ' என்று நீட்டிப் பாடும் சாதாரண அகாரப் பயிற்சிதான். சலிப்பாக இருக்கும். எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தருவது வேறு இல்லை.

அப்புறம் மூச்சு எங்கே எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். சொல்லின் நடுவில் எடுத்தால் கேட்பவருக்கும் மூச்சு முட்டும். வரிகளை எழுதியவர் நீங்களே என்பதால், மூச்சுக்கு இடம் இல்லாத வரியை மாற்றி எழுதும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

குரலின் நிறம் பற்றிக் கடைசியாக யோசியுங்கள். முதலில் அதைப் பற்றியே கவலைப்படுவதால்தான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

புதுக்குரல்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்குச் சுருதி ஞானமே கிடையாது என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வாய் திறந்ததில்லை. இப்போது ஆசையாக இருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு வழி உண்டா?

தம்புராநாதம்:

புதுக்குரல், ஒரு சின்னச் சோதனை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மெட்டை யாரையாவது வாத்தியத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு சுரத்தை வேண்டுமென்றே தப்பாக வாசிக்கட்டும். 'இங்கே ஏதோ இடிக்கிறது' என்று உங்களுக்குத் தெரிந்தால் உங்கள் காது நன்றாகத்தான் இருக்கிறது. சுருதி வேறுபாட்டைப் பிறவியிலேயே பிரித்தறிய முடியாத நிலை ஒன்று உண்டு, அமூசியா என்பார்கள். மாண்ட்ரியாலில் இசபெல் பெரெட்ஸ் போன்றவர்கள் அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். மிகச் சிலருக்குத்தான் அது இருக்கும். 'எனக்குச் சுருதி வராது' என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குக் காதில் குறை இல்லை. கேட்ட சுரத்தைத் தொண்டைக்குக் கொண்டுசேர்க்கும் பழக்கம்தான் இல்லை. பழக்கம் வரக்கூடியது.

வாத்தியத்தின் சுரத்தை நீங்கள் தேடிப் போக வேண்டாம். தலைகீழாகச் செய்யுங்கள். உங்களுக்கு வசதியான ஏதோ ஒரு சுரத்தில் 'ஆ' என்று நில்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் அந்தச் சுரத்தைக் கீபோர்டில் கண்டுபிடித்து உங்களோடு சேர்ந்து ஒலிக்கட்டும். இரண்டும் ஒன்றாகச் சேரும்போது உடம்பில் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். அந்த உணர்வு பிடிபட்ட பிறகு, அங்கிருந்து ஒரு படி மேலே, ஒரு படி கீழே. மனிதக் குரலோடு சேர்வது வாத்தியத்தோடு சேர்வதைவிடச் சுலபம், அதுவும் உங்கள் ஸ்தாயியிலேயே (ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரையுள்ள எல்லை) பாடும் ஒருவர் கிடைத்தால் இன்னும் சுலபம். ஆண் பாடுவதைப் பெண்ணோ, பெண் பாடுவதை ஆணோ பின்பற்றும்போது ஒரு ஸ்தாயி தள்ளிப் பாட வேண்டியிருக்கும். அந்தக் குழப்பத்திலேயே பலருக்கு 'ஞானம் இல்லை' என்று முத்திரை விழுந்துவிட்டது.

மாலைராகம், அந்தச் செயலியை மூடிவிடுங்கள். தம்புரா ஒலியைப் போட்டுக்கொண்டு அதோடு பாடுங்கள். முள்ளைப் பார்த்துப் பாடினால் கண்தான் பாடும். தம்புராவோடு ஸட்ஜத்தில், அதாவது 'ஸ'வில் நின்று பாருங்கள். சற்று விலகியிருந்தால் இரண்டு ஒலிக்கும் நடுவே ஓர் அலை அடிக்கும். நெருங்க நெருங்க அலை மெதுவாகி நின்றுபோகும். இதைவிடத் துல்லியமான அளவுகோல் வேண்டாம்.

முள் பொய்யும் சொல்லும். கீபோர்டில் ஒரு ஸ்தாயியை 12 சம பங்காகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு பங்குக்கு 100 சென்ட் (சுருதி இடைவெளியை அளக்கும் அலகு). அந்தக் கணக்கில் அந்தர காந்தாரம், அதாவது பெரிய 'க', ஸட்ஜத்திலிருந்து 400 சென்ட். ஆனால் தம்புராவோடு இழைந்து நிற்கும் காந்தாரம் சுமார் 386. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாமலே ஒரு காந்தாரம் கேட்குமே, அதுதான் இது. நீங்கள் அதில் சரியாகப் போய் நின்றால் செயலி '14 சென்ட் குறைவு' என்று சிவப்பு காட்டும். பஞ்சமத்தில், அதாவது 'ப'வில், இந்த வித்தியாசம் 2 சென்ட்தான், அது ஒரு பொருட்டே இல்லை. காந்தாரத்தில் நன்றாகவே கேட்கும்.

ஒலிப்பெட்டி:

தம்புராநாதம் ஐயா, தம்புராவைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. செயலியை மூடச் சொன்னதை மட்டும் ஏற்க முடியவில்லை. மாலைராகம் பாடப்போவது கிட்டாரோடு. கிட்டாரின் ஃப்ரெட்டுகள் (கழுத்தில் குறுக்கே பதித்த பட்டைகள்) சம பங்குக் கணக்கில்தான் இருக்கின்றன. அங்கே 386இல் பிடிவாதமாக நின்றால் கார்டோடு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களோடு) உரசலாம். தம்புராவோடு பழகிய காது கிட்டார் வந்ததும் தானே கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அதையும் பழக வேண்டும்.

ஆடும் முள்ளைப் பார்க்க வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். குரல் இயல்பாகவே ஆடும். நல்ல பாடகர்கள் நீட்டும் சுரத்தில் வரும் அதிர்வு (வைப்ரேட்டோ) நொடிக்கு 5 முதல் 7 தடவை மேலும் கீழும் போய்வரும். சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் என்றால் கேட்கவே வேண்டாம். முள்ளுக்குப் பதில் கோடாகப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பவுல் போயர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய 'ப்ராட்' என்ற மென்பொருள் இலவசம். லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த 'சோனிக் விஷுவலைசர்' இன்னொன்று, அதுவும் இலவசம். பதிவைத் திறந்தால் சுருதி மலையும் பள்ளமுமாக ஒரு கோடாக வரும். அதிர்வின் நடுப்பகுதி எங்கே நிற்கிறது, வரியின் வால் எப்படித் தொங்குகிறது, எல்லாம் தெரியும். ஆண்குரல் என்றால் ப்ராட்டில் 75 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை எல்லை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சில இடங்களில் ஒரு ஸ்தாயி தப்பாகக் காட்டும். பாடும்போது காது, பாடி முடித்த பிறகு கண். இந்த வரிசை மாறாமல் இருந்தால் கருவி கெடுதல் செய்யாது.

தம்புராநாதம்:

பாடி முடித்த பிறகு என்றால் எனக்கு மறுப்பில்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். துணை இல்லாமல் ஒரு பாட்டை முழுதாகப் பாடுங்கள். முதல் ஸட்ஜத்தையும் கடைசி ஸட்ஜத்தையும் ஒப்பிடுங்கள். எவ்வளவு நகர்ந்திருக்கிறீர்கள் என்று தெரியும். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் முன்னேற்றத்தை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மாலைராகம்:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி அமைப்புகளை அணைத்து, ஒரே இடத்தில் வைத்துப் பதிவு செய்து, மறுநாள் கேட்டேன். மூன்று விஷயம் தெரிகிறது. வரி முடிவில் இறங்குகிறது, நாலரைக்கட்டை சொன்னபடியே. பல்லவியில் மேலே போகும் இடத்தில் குரல் இறுகி, கத்துவது போல ஆகிறது. அந்த இடம் டி4, ஈ4, கீபோர்டில் நடு சி-க்கு அடுத்து வரும் டி, ஈ சுரங்கள். மூன்றாவதுதான் புரியவில்லை. ஒலித்தடத்தைக் காதில் கேட்டுக்கொண்டு பாடினால் பதிவில் எல்லா வரியும் தாளத்துக்குப் பின்னால் வருகிறது. கிட்டார் வாசிக்கும்போது எனக்குத் தாளம் பிசகுவதே இல்லை. குரலுக்கு மட்டும் ஏன்?

ஒலிப்பெட்டி:

எல்லா வரியும் ஒரே அளவு பின்னால் வருகிறதா? கம்பியில்லாத ப்ளூடூத் காதணிக்கருவியா போட்டிருந்தீர்கள்? அப்படியானால் உங்கள் தாளத்தில் குறையே இல்லை. ப்ளூடூத்தில் ஒலி காதுக்கு வந்துசேரப் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 நொடி பிந்தும். நிமிடத்துக்கு 120 தட்டுப் போகும் பாட்டில் ஒரு தட்டு 0.5 நொடிதான். பாதித் தட்டுக்குச் சற்று மேல் வரைக்கும் தள்ளிப் பாடியது போலக் கேட்கும். கம்பி உள்ளதை மாட்டிப் பாடிப் பாருங்கள். தாளம் நிஜமாகவே பிசகினால் சில வரி முந்தும், சில வரி பிந்தும். எல்லாம் ஒரே சீராகப் பிந்தினால் கருவியைச் சந்தேகப்படுங்கள்.

ஒலித்தடத்தின் சத்தத்தையும் குறையுங்கள், ஒரு காதைத் திறந்து வையுங்கள். சுற்றிச் சத்தம் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். 1911இல் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைப் பற்றி எழுதினார், அவர் பெயரிலேயே லோம்பார்ட் விளைவு என்கிறார்கள். குரல் உயர்ந்தால் அழுத்தம் கூடும், சுருதியும் தாண்டும். பல்லவியில் கத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நாலரைக்கட்டை:

இருக்கலாம். ஆனால் முதல் காரணம் கட்டை, அதாவது பாட்டுக்கு வைத்த அடிச்சுருதி. இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

உங்கள் பாட்டு ஜி மேஜரில், அதாவது ஜியை ஸட்ஜமாக வைத்து இருக்கிறதா? பந்தயம் கட்டுவேன். கிட்டாரில் விரலுக்குச் சுலபமான கார்டுகள் ஜி, சி, டி. மெட்டும் அங்கேயே பிறக்கிறது. கையின் வசதிக்குத் தேர்ந்த சுருதியில் தொண்டை போய் மாட்டிக்கொள்கிறது. கீபோர்டுக்காரர்கள் சி மேஜரை விட்டு வரமாட்டார்கள். ஏற்கெனவே உள்ள பாட்டுகளைப் பாடுபவர்கள் மூலப் பாடகரின் சுருதியிலேயே பாடுவதை மரியாதை என்று நினைக்கிறார்கள். தன் கட்டை எது என்று தெரியாமல் பாடிவிட்டு, 'என் குரல் சரியில்லை' என்று முடிவுகட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். குரல் சரியாகத்தான் இருக்கிறது, தப்பான இடத்தில் நிற்கிறது.

தன் கட்டையைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தொண்டை கொஞ்சம் சூடான பிறகு, படிப்படியாகக் கீழே இறங்குங்கள். சொல் தெளிவாகக் கேட்கும் கடைசிச் சுரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றாகிப் போவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதேபோல் மேலே ஏறுங்கள். தாடை இறுகாமல், கழுத்து நரம்பு புடைக்காமல் வரும் கடைசிச் சுரம் எது? இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் உங்கள் நிலம். பாட்டு பெரும்பாலும் அதன் நடுப்பகுதியிலேயே உலவ வேண்டும். உச்சியை ஒரு தடவை தொட்டுவிட்டு வரலாம், அங்கேயே குடியிருக்கக் கூடாது.

டி4, ஈ4 என்பது 294, 330 ஹெர்ட்ஸ். பயிற்சி இல்லாத ஆண்குரல்கள் பலவற்றில் கனமான மார்புக்குரல் முடிந்து மெல்லிய தலைக்குரல் தொடங்க வேண்டிய வாசல் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. கனமான குரலை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போனால் இறுகத்தான் செய்யும். உடனடி மருந்து, பாட்டை மூன்று அரைச்சுரம் (ஸ்தாயியின் அந்த 12 பங்கில் மூன்று) இறக்குவது. பல்லவி பி3க்கும் சி ஷார்ப் 4க்கும் வந்துவிடும். ஜி மேஜர் ஈ மேஜராகும். கை பழகிய கார்டு வேண்டுமென்றால் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு டி வடிவத்தில் வாசியுங்கள், அல்லது நான்காம் ஃப்ரெட்டில் போட்டு சி வடிவம். சரணத்தின் கீழ்ச்சுரங்கள் அமுங்கிப் போகின்றனவா என்றும் பாருங்கள், போனால் இரண்டு அரைச்சுரம் மட்டும் இறக்குங்கள்.

நீண்ட கால மருந்து, அந்த வாசலை மெதுவாகக் கடக்கப் பழகுவது. உதடுகளை லேசாக மூடி 'ப்ர்ர்' என்று அதிரவிட்டபடியே கீழிருந்து மேலே போய் இறங்குங்கள். உதடு நின்றுவிட்டால் காற்றை அதிகமாகத் தள்ளுகிறீர்கள், அல்லது தொண்டையை இறுக்குகிறீர்கள். மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக 'ஊ' என்று பாடுவதும் அதே வகைதான். குழலின் நுனியைத் தண்ணீரில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அமிழ்த்திக் குமிழி விட்டுக்கொண்டே பாடலாம். வாய்ப்பக்கம் வழி குறுகும்போது காற்று திரும்பி ஓர் எதிரழுத்தம் தருகிறது, குரல்நாண்கள் முட்டிமோதாமல் சுலபமாக அதிர்கின்றன. குரலியல் அறிஞர் இங்கோ டிட்ஸ இதை விளக்கிப் பரப்பியவர்களில் முக்கியமானவர். தினமும் சில நிமிடம் போதும். ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் பாடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மாலைராகம்:

ஆமாம், ஜி மேஜர்தான். இறக்கிப் பாடினேன். அதே வரி, அதே குரல், பேசுவது போல வருகிறது. கம்பி உள்ளதை மாட்டியதும் தாளமும் நேராகிவிட்டது. இனி அந்த மூக்கு விஷயம் மட்டும் பாக்கி. குரலின் நிறத்தை மாற்ற முடியுமா?

இளங்காற்று:

சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறேன், இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. முதலில் அது நிஜமாகவே மூக்கா என்று பாருங்கள். 'ஆ' என்று நீட்டிக்கொண்டே விரலால் மூக்கைப் பொத்தி விடுங்கள், மறுபடி பொத்துங்கள். ஒலி மாறினால் காற்று மூக்கு வழியாகக் கசிகிறது. கொட்டாவி விடும்போது உள்நாக்கு மேலே எழும்புமே, அந்த நிலையைப் பழக வேண்டும். ஒலி மாறவே இல்லை என்றால் மூக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாய் போதிய அளவு திறக்கவில்லை, அல்லது நாக்கு பின்னால் சுருண்டிருக்கிறது. ம, ந, ங போன்ற மெல்லினம் வரும் சொற்களில் இந்தச் சோதனை செல்லாது, அவை மூக்கு வழியாகத்தான் வர வேண்டும்.

மாற்ற முடியாதது குரல்நாண்களின் நீளமும் கனமும், தொண்டையின் நீளமும். அவைதான் உங்களை உங்களாகக் காட்டுகின்றன. மாற்றக்கூடியது தொண்டைக்கும் உதட்டுக்கும் நடுவில் உள்ள இடத்தின் வடிவம். அதில் நிறையவே செய்யலாம். மைக் இல்லாமல் பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டிக் கேட்கும்படி பாடும் ஓபரா பாடகர்களின் குரலில் 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒலி குவிந்திருப்பதை ஸ்வீடனின் யோஹான் சுண்ட்பெர்க் விளக்கியிருக்கிறார். அது தொண்டையின் வடிவத்தால் வருவது. மைக்கோடு பாடும் நமக்கு அந்த அளவு தேவையில்லை, வடிவத்துக்கு எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

தமிழில் பாடுவதால் இன்னொன்று. 'ம்', 'ன்', 'ல்' என்று முடியும் சொற்களில் மெய்யை அவசரப்பட்டு மூடாதீர்கள். உயிரொலியிலேயே நின்று, கடைசி நொடியில் மூடுங்கள். 'ஐ' வந்தால் 'அ' பக்கம் நின்று, முடிவில் 'இ'க்குப் போங்கள். மெட்டு நீட்டுகிறதே என்று குறிலை நெடிலாக்கிவிட்டால் 'மலை' 'மாலை' ஆகிவிடும், அந்த இடத்தில் மெட்டைத்தான் மாற்ற வேண்டும். நான் கேட்ட அமெச்சூர் பதிவுகளில் சொல் தெளிவானதுமே 'குரல் நன்றாகிவிட்டது' என்று கேட்டவர்கள் சொன்னதுண்டு.

புதுக்குரல்:

கீபோர்டை என்னிடம் வரவைக்கும் பயிற்சியைச் செய்துவருகிறேன். இரண்டும் சேரும் இடம் தெரிகிறது. உற்சாகத்தில் அதிக நேரம் பாடிவிடுகிறேன் போல, மாலையில் குரல் கம்முகிறது. இது சாதாரணமா?

நாலரைக்கட்டை:

நல்ல சேதி. ஆனால் பாடிய பின் கம்முவது 'போதும்' என்ற அறிவிப்பு. நேரத்தைப் பாதியாக்குங்கள், இடைவெளி விடுங்கள். வலி இருந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும், வலியைத் தாண்டிப் பாடுவது பயிற்சியே இல்லை. அடிக்கடி தொண்டையைச் செருமாதீர்கள், ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். குடிக்கும் தண்ணீர் குரல்நாண்மேல் படாது, உணவுக்குழாய் வழியே போய்விடும். உடம்புக்குள் போய்த்தான் ஈரம் தரும், அதனால் பாடும் நேரத்தில் மட்டும் குடித்துப் பயனில்லை, நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். சளி, காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கருவி வைத்துக் குரல்நாணை நேரே பார்க்க முடியும். இதில் மட்டும் இணையத்தில் யோசனை கேட்டுக் காலம் கடத்தாதீர்கள்.

மாலைராகம்:

மூக்கைப் பொத்திப் பார்த்தேன், ஒலி மாறவில்லை. வாய் திறப்புதான் பிரச்சினை. கண்ணாடி முன் நின்று பாடப் பழகுகிறேன். பதிவை வெளியிடும்போது சுருதி திருத்தும் மென்பொருள் போடலாமா?

ஒலிப்பெட்டி:

தாராளமாக. 1997இல் ஆட்டோ-ட்யூன் வந்ததிலிருந்து ஒலிப்பதிவுக் கூடங்களில் அது சர்வசாதாரணம். உணர்ச்சி சரியாக அமைந்த ஒரு பதிவில் இரண்டு சுரம் தொங்கினால், அவற்றை மட்டும் கையால் தூக்கிவிடுங்கள். முழுப் பாட்டுக்கும் தானியங்கியாகப் போட்டால் சறுக்கல்களும் கமகங்களும் படிக்கட்டாகிவிடும்.

நாலரைக்கட்டை:

வெளியிடும் பதிவுக்குச் சரி. பயிற்சிப் பதிவில் வேண்டாம். திருத்திய குரலைக் கேட்டுப் பழகினால் எங்கே இறங்குகிறோம் என்று காது மறந்துவிடும். பாடும்போதே திருத்திக் காதுக்கு அனுப்பும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

பிறரிடம் கருத்துக் கேட்கும் முறையையும் மாற்றுங்கள். 'எப்படி இருக்கு' என்றால் 'நல்லாத்தான் இருக்கு' என்றுதான் வரும். பழையது, புதியது என்று சொல்லாமல் இரண்டு பதிவு கொடுத்து 'எது பிடித்தது' என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஒரு இடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

மாலைராகம்:

சரி, அப்படியே கேட்கிறேன். ஈ மேஜரில் புதிதாகப் பாடியதை இணைத்திருக்கிறேன், திருத்தம் எதுவும் போடவில்லை. இரண்டாம் சரணத்தின் கடைசி வரி இறங்குகிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

தம்புராநாதம்:

கேட்டேன். கடைசி வரி இறங்கவில்லை, நன்றாக நிற்கிறது. அதற்கு முந்தைய வரியில் மூச்சை மிச்சம் பிடிப்பதற்காக நாலாவது சொல்லை அவசரமாக விழுங்குகிறீர்கள். அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு எடுக்க இடம் இருக்கிறது, எடுத்துப் பாடி அனுப்புங்கள்.

ஒலிப்பெட்டி:

எனக்கும் அதேதான் கேட்டது. கோடு போட்டும் பார்த்தேன், கடைசி சுரம் வால் வரை நேராகப் போகிறது. போனைத் துளி விலக்கி வையுங்கள், பல்லவியில் ஒலி உடைகிறது.